வளைய ஃபிரேம் வைத்த எஃகு உருளை நீரழுத்தத்தில் நசுங்காமல் இருக்க: கணக்கு முதல் சோதனைத் தொட்டி வரை

2 மீட்டர் விட்டமும் 14 மி.மீ. தடிமனும் உள்ள எஃகு உருளையைக் கடலில் இறக்குவதாக வைத்துக்கொள்வோம். இடையில் தாங்கலே இல்லாத நெடுங்குழாய் என்றால், ஏறத்தாழ 15 மீட்டர் ஆழத்திலேயே நெளிந்து தட்டையாகிவிடும். 6 மீட்டருக்கு ஒரு பல்க்ஹெட் (உருளையின் குறுக்கே நிற்கும் உறுதியான தடுப்புச் சுவர்) வைத்தால் 73 மீட்டர் வரை தாங்கும் என்கிறது கணக்கு. அரை மீட்டருக்கு ஒரு வளைய ஃபிரேமை வெல்டிங் செய்து இணைத்தால் அதே கணக்கு 1,020 மீட்டர் என்று காட்டும். ஆனால் நடைமுறையில் அந்த உருளையை நம்பக்கூடியது 330 மீட்டர் வரைதான். இந்த 1,020 எங்கே கரைந்து 330 ஆகிறது என்பது தெரியாமல் வளையம் வைத்த ஷெல்லை (உருளையின் தகட்டுச் சுவரை) யாரும் ஆழத்துக்கு அனுப்பக் கூடாது.

நீளத்துக்கும் நசுங்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் சோதனையில் காட்டியவர் பிரிட்டிஷ் பொறியாளர் வில்லியம் ஃபேர்பேர்ன். கொதிகலனின் உட்குழாய்கள் நசுங்குவதை ஆராய்ந்து 1858-இல் அவர் வெளியிட்ட முடிவுகள், தாங்கல்களுக்கு இடைப்பட்ட நீளம் கூடினால் தாங்கும் அழுத்தம் குறையும் என்றன. குழாயைச் சுற்றி வளையம் போட்டு நீளத்தைத் துண்டு போடும் வழக்கம் அதிலிருந்து வலுப்பெற்றது. நீர்மூழ்கியின் உடலும், ஆழ்கடல் கருவிக் கலங்களும், வெற்றிடத் தொட்டிகளும் இன்றும் அதே வழியில்தான் கட்டப்படுகின்றன.

கீழே உள்ள எல்லாக் கணக்கும் ஒரே உருளைக்கு. ஷெல்லின் நடுக்கோட்டு ஆரம் 1,000 மி.மீ., பல்க்ஹெட்டுகளுக்கு இடையே 6,000 மி.மீ., எஃகின் யீல்டு (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 350 மெகாபாஸ்கல், யங் குணகம் (விறைப்பின் அளவு) 2,05,000 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் (ஒரு திசையில் அமுக்கினால் பக்கவாட்டில் விரியும் பங்கு) 0.3. வேலை ஆழம் 200 மீட்டர். நீளமெல்லாம் மி.மீ.யிலும் அழுத்தமெல்லாம் மெகாபாஸ்கலிலும் போட்டால் சூத்திரங்கள் நேராக வேலை செய்யும்.

படி 1: தாங்க வேண்டிய அழுத்தம்

கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,025 கிலோ. 1,025 × 9.81 × 200 = 2.01 மெகாபாஸ்கல். ஐரோப்பிய அழுத்தக்கல விதி இஎன் 13445 வெளியழுத்தத்துக்கு 1.5 காப்புக் காரணி கேட்கிறது. அப்படியானால் நம் உருளை 3.02 மெகாபாஸ்கலுக்குக் கீழே எந்த வகையிலும் நொறுங்கக் கூடாது. கப்பல் வகைப்பாட்டு அமைப்புகள் நீர்மூழ்கிகளுக்கு வேறு காரணிகளைக் கேட்கும். எந்த விதியின் கீழ் சான்றிதழ் வாங்கப் போகிறீர்களோ அதன் காரணியை, அதன் சூத்திரத்தோடும் அதன் வட்ட அளவு வரம்போடும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒரு விதியின் காரணியை இன்னொரு விதியின் சூத்திரத்தில் போடுவது ஆபத்தான குறுக்குவழி. ஒவ்வொரு விதியிலும் காரணியும் வரம்பும் ஒன்றையொன்று நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

படி 2: எப்படியெல்லாம் உடையும்?

வளையம் வைத்த உருளைக்கு முக்கியமான உடைவு வழிகள் நான்கு. இரண்டு ஃபிரேமுக்கு நடுவே ஷெல் சுற்றிலும் யீல்டு ஆகி ஆர்மோனியத் துருத்திபோல உள்ளே மடியலாம். அதே இடத்தில் ஷெல் அலை அலையாக உள்ளும் புறமும் குழியலாம். பல்க்ஹெட்டிலிருந்து பல்க்ஹெட் வரை ஷெல்லும் ஃபிரேமும் ஒன்றாகச் சேர்ந்து முட்டை வடிவத்துக்கோ மூன்று மூலைக்கோ போகலாம். இதை மொத்த பக்லிங் என்போம். நான்காவது, ஃபிரேம் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடுவது.

வடிவமைப்பவரின் கையில் இருக்கும் உண்மையான அதிகாரம், இந்த நான்கில் எது முதலில் வர வேண்டும் என்று வரிசைப்படுத்துவதுதான். ஃபிரேமுக்கு இடையே ஷெல் யீல்டு ஆவதே முதலில் வரட்டும். அந்த வழியைத்தான் கணக்கும் சோதனையும் நெருக்கமாகப் பிடித்து வைத்திருக்கின்றன. சின்னச் சின்ன வடிவப் பிழைகளை அது பெரிதாகப் பொருட்படுத்தாது. மொத்த பக்லிங்கும் ஃபிரேம் சாய்வதும் அதற்கு வெகு தூரத்தில் இருக்கட்டும். ஃபிரேமைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே அந்தத் தூரம் கிடைத்துவிடும். எடையில் அதற்கு ஆகும் செலவு சிறிது.

படி 3: ஷெல் தடிமனும் ஃபிரேம் இடைவெளியும்

முதலில் யீல்டு அழுத்தம்:

யீல்டு அழுத்தம் = யீல்டு × தடிமன் ÷ ஆரம்

14 மி.மீ.க்கு 350 × 14 ÷ 1,000 = 4.9. ஃபிரேம் கொஞ்சம் சுமையை வாங்கிக்கொள்வதை இதில் சேர்க்கவில்லை. அது நமக்குச் சாதகமான மிச்சமாகவே இருக்கட்டும்.

அடுத்து, ஃபிரேமுக்கு இடையே அலை நெளிவு. அமெரிக்கக் கடற்படையின் மாதிரித் தொட்டியில் வேலை செய்த விண்டன்பர்க், டிரில்லிங் இருவரும் 1934-இல் தந்த சூத்திரம் கைக்கணக்குக்கு இன்றும் போதும். பாய்சான் விகிதம் 0.3 என்றால்:

நெளிவு அழுத்தம் = 2.6 × யங் குணகம் × (தடிமன் ÷ விட்டம்)^2.5 ÷ [(இடைவெளி ÷ விட்டம்) − 0.45 × √(தடிமன் ÷ விட்டம்)]

14 மி.மீ., 500 மி.மீ. இடைவெளி: மேலே 2.18, கீழே 0.25 − 0.038 = 0.212. விடை 10.3 மெகாபாஸ்கல். முன்னுரையில் சொன்ன 1,020 மீட்டர் இதுதான்.

எத்தனை அலை வரும் என்பதையும் இப்போதே கணக்கிட்டு வையுங்கள்; பின்னால் மெஷ் போடவும் (கணினி மாதிரியைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கவும்) வளைவு அளக்கவும் தேவைப்படும்:

அலை எண் = 1.63 × [விட்டம்³ ÷ (இடைவெளி² × தடிமன்)]^0.25

நம் உருளைக்கு 11. சுற்றளவு 6,283 மி.மீ.யை 22-ஆல் வகுத்தால் ஓர் அரை அலை 286 மி.மீ.

இனி இரண்டையும் சேர்க்க வேண்டும். நெளிவு அழுத்தத்தை யீல்டு அழுத்தத்தால் வகுத்தால் 10.3 ÷ 4.9 = 2.1. உடைத்துப் பார்த்த ஏராளமான உருளைகளின் அடிவரம்பை இந்த விகிதத்துக்கு எதிராக வரைந்த வளைகோட்டைத்தான் பிரிட்டிஷ் விதி பிஎஸ் 5500-உம் அதன் வழி வந்த பிடி 5500-உம் இஎன் 13445-உம் பயன்படுத்துகின்றன. விகிதம் 1-க்குக் கீழே இருக்கும்போது, உண்மையில் தாங்குவது நெளிவு அழுத்தத்தில் ஏறத்தாழ பாதிதான். விகிதம் கூடக் கூட விடை யீல்டு அழுத்தத்தை நோக்கி மெதுவாக ஏறும். அந்த வளைகோட்டைவிடக் கறாரான ஓர் எளிய கைக்கணக்கு, விகிதம் ÷ (விகிதம் + 1), 2.1-க்கு யீல்டு அழுத்தத்தில் சுமார் 0.68 பங்கு தரும்; இங்கே அதையே எடுப்போம். 0.68 × 4.9 = 3.33 மெகாபாஸ்கல். தேவை 3.02. போதும்.

முன்னுரையில் கேட்ட கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. 1,020 மீட்டர் என்பது யீல்டே ஆகாத, சற்றும் பிசகாத வட்டமான, வெல்டிங் இறுக்கமே இல்லாத உலோகத்துக்கான எண். எஃகு 487 மீட்டரிலேயே யீல்டை எட்டிவிடுகிறது. அதை நெருங்கும்போதே விறைப்பு குறைகிறது. வட்டப் பிழையும் வெல்டிங்கில் உள்ளே அடைபட்ட தகைவும் மிச்சத்தைத் தின்றுவிடுகின்றன.

12 மி.மீ. தகடு போதாதா என்று பார்ப்போம். 500 இடைவெளியில் நெளிவு 6.9, யீல்டு 4.2, விகிதம் 1.64, தாங்குவது சுமார் 2.6. தேறாது. இடைவெளியை 300-ஆகக் குறைத்தால் நெளிவு 12.9-க்கு ஏறி, தாங்குவது 3.2 வரை வரும். எடையில் என்ன வித்தியாசம்? கீழே படி 4-இல் வரும் ஃபிரேம் ஒன்று 57 கிலோ அளவு. 12 மி.மீ. ஷெல்லும் 300 இடைவெளியும் சேர்ந்து மீட்டருக்குச் சுமார் 785 கிலோ, 14 மி.மீ.யும் 500-உம் சேர்ந்தால் 805. மீட்டருக்கு 20 கிலோ மிச்சம் பிடிக்க, 11 ஃபிரேமுக்குப் பதில் 19 ஃபிரேமை வளைத்து, பொருத்தி, இருபுறமும் வெல்டிங் செய்து, அத்தனையிலும் வட்டம் அளக்க வேண்டும். வெல்டிங் கூடக் கூட ஷெல் ஃபிரேமுக்கு நடுவே உள்வாங்குவதும் கூடும். மிதப்புக்கு ஒவ்வொரு கிலோவும் எண்ணப்படும் கலம் இல்லை என்றால் 14 மி.மீ.தான் சரி.

பல்க்ஹெட்டை ஒட்டிய முதல் இடைவெளியை மட்டும் 500-லிருந்து 400 அளவுக்குக் குறைப்பது நல்லது. பல்க்ஹெட் உள்ளே வராது, பக்கத்து ஃபிரேம் வரும். இந்த வித்தியாசத்தால் அந்த இடத்தில் ஷெல் கூடுதலாக வளைகிறது.

படி 4: ஃபிரேம் அளவும் மொத்த பக்லிங்கும்

உள்பக்கம் டி வடிவ ஃபிரேம்: வெப் (ஷெல்லில் நிற்கும் தகடு) 80 × 8, ஃபிளேஞ்ச் (அதன் முனையில் குறுக்கே உள்ள தகடு) 60 × 10 மி.மீ. உள்ளே வைத்தால் நீர் ஷெல்லை ஃபிரேமின் மேல் அழுத்தும். வெளியே வைத்தால் ஷெல் ஃபிரேமை விட்டு விலகப் பார்க்கும், வெல்டிங் முழுதும் இழுவையில் இருக்கும். வெளி ஃபிரேமில் உப்புநீர் தேங்கும் மூலைகளும் அதிகம். உள்ளே இடம் முக்கியம் என்றால் மட்டும் வெளியே போங்கள்.

ஃபிரேமோடு சேர்ந்து வளையும் ஷெல் பட்டையின் அகலம் 1.56 × √(ஆரம் × தடிமன்) = 185 மி.மீ. இந்தப் பட்டையையும் டி-யையும் சேர்த்து நிலைமத் திருப்புத்திறன் (வளைவை எதிர்க்கும் வடிவ அளவு) கணக்கிட வேண்டும். ஷெல்லின் நடுக்கோட்டிலிருந்து வெப்பின் மையம் 47 மி.மீ., ஃபிளேஞ்சின் மையம் 92. மூன்றும் சேர்ந்த நடுவச்சு 22.3 மி.மீ.யில் வரும். மொத்தத் திருப்புத்திறன் 49.8 லட்சம் மி.மீ.⁴. ஃபிளேஞ்ச் மட்டும் இதில் 29 லட்சத்துக்கு மேல் தருகிறது. ஃபிளேஞ்சைச் சீவி எடை குறைக்க நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

1954-இல் வந்த பிரையண்ட் சூத்திரம் மொத்த பக்லிங்கை இரண்டு பகுதிகளின் கூட்டலாகத் தருகிறது. ஒன்று பல்க்ஹெட்டுகளுக்கு இடையே ஷெல் தரும் பங்கு, இன்னொன்று ஃபிரேம் தரும் பங்கு.

ஃபிரேம் பங்கு = (அலை எண்² − 1) × யங் குணகம் × திருப்புத்திறன் ÷ (ஆரம்³ × இடைவெளி)

ஷெல் பங்கு = (யங் குணகம் × தடிமன் ÷ ஆரம்) × அ⁴ ÷ [(அலை எண்² − 1 + அ² ÷ 2) × (அலை எண்² + அ²)²]

இதில் அ = 3.1416 × ஆரம் ÷ பல்க்ஹெட் தூரம் = 0.524.

அலை எண் 2 (முட்டை வடிவம்): ஃபிரேம் 6.13, ஷெல் 3.76, மொத்தம் 9.9 மெகாபாஸ்கல். அலை எண் 3 (மூன்று மூலை): ஃபிரேம் 16.3, ஷெல் 0.3, மொத்தம் 16.6. மிகச் சிறியது 9.9. தேவையான 3.02-ஐப் போல மூன்று மடங்குக்கு மேல். இந்தத் தாராளம் வேண்டியதுதானா என்பதற்கு அடுத்த படி பதில் சொல்லும்.

பல்க்ஹெட் தூரத்தை 6 மீட்டரிலிருந்து 12 ஆக்கினால் ஷெல் பங்கு முக்கால் மெகாபாஸ்கலுக்கும் கீழே இறங்கிவிடும். பெட்டகத்தின் நடுவே கதவுக்காகப் பல்க்ஹெட்டை எடுத்துவிட்டு ஃபிரேமை அப்படியே விடுவதில் உள்ள ஆபத்து இதுதான். எடுத்தே ஆக வேண்டும் என்றால் அந்த இடத்தில் ஆழமான ஃபிரேம் ஒன்று நிற்க வேண்டும்.

படி 5: வட்டம் பிசகினால் ஃபிரேமில் வரும் தகைவு

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. ஃபிரேம் முன்கூட்டியே கொஞ்சம் முட்டை வடிவத்தில் இருந்தால், அழுத்தம் ஏற ஏற அந்த முட்டை வடிவம் வளரும், ஃபிளேஞ்சின் முனையில் வளைவுத் தகைவு கூடும்.

வளைவுத் தகைவு = யங் குணகம் × வட்டப் பிழை × முனைத் தூரம் × (அலை எண்² − 1) ÷ ஆரம்² × [அழுத்தம் ÷ (மொத்த பக்லிங் அழுத்தம் − அழுத்தம்)]

விதிகள் ஆரத்தில் 0.5 சதவீதம் வரை பிழையை அனுமதிக்கின்றன. நமக்கு 5 மி.மீ. நடுவச்சிலிருந்து ஃபிளேஞ்ச் முனை 74.7 மி.மீ. அழுத்தம் 3.02.

அலை எண் 2-இல் 5 மி.மீ. முழுதும் இருந்தால் 101 மெகாபாஸ்கல். அலை எண் 3-இல் 136. அலை எண் 4-இல் 125. கவனியுங்கள்: பக்லிங் அழுத்தம் மிகக் குறைவாக வந்தது 2-க்கு, ஆனால் அதே 5 மி.மீ. பிழை அதிகத் தகைவைக் கொடுப்பது 3-க்கு. முட்டை வடிவத்தை மட்டும் தேடி, பெரிய விட்டத்தையும் சிறிய விட்டத்தையும் அளந்து கழிப்பவர்களுக்கு மூன்று மூலைப் பிழை கண்ணிலேயே படாது. அந்த வடிவத்தில் எந்தத் திசையில் விட்டத்தை அளந்தாலும் ஒரே அளவுதான் காட்டும்.

இதோடு ஃபிரேமின் நேர் அமுக்கத் தகைவைக் கூட்ட வேண்டும். 3.02-இல் அது ஃபிளேஞ்சில் சுமார் 135. மொத்தம் 135 + 136 = 271. யீல்டு 350. தேறிவிட்டது, 79 மிச்சம். பட்டறையில் வட்டம் ஒரு சதவீதத்துக்குப் போய்விட்டால் 135 + 272 = 407. நீர்மூழ்கும் முன்பே தாளில் யீல்டு ஆகிவிட்டது. மொத்த பக்லிங்கில் மூன்று மடங்கு மிச்சம் வைத்தும் நிலைமை இது. மிச்சமே வைக்காமல் இருந்திருந்தால் அடைப்புக்குள் உள்ள பின்னம் எங்கேயோ ஏறியிருக்கும்.

ஃபிரேமைக் குளிர்நிலையில் வளைத்தால் அதில் உள்தகைவு ஏற்கெனவே தங்கியிருக்கும். அந்த 79-ஐ அது பகிர்ந்துகொள்ளும் என்பதால், மிச்சம் இருக்கிறதே என்று வட்ட வரம்பைத் தளர்த்தக் கூடாது.

படி 6: ஃபிரேம் சாய்வது

வெப்பின் உயரம் ÷ தடிமன் 1.1 × √(யங் குணகம் ÷ யீல்டு)-ஐத் தாண்டக் கூடாது. நம் எஃகுக்கு 26. நம்முடையது 10. ஃபிளேஞ்ச் ஒருபக்கம் நீட்டியிருக்கும் அளவு ÷ தடிமன் 12-ஐத் தாண்டக் கூடாது, நம்முடையது 2.6. இவை தகடு நெளிவதற்கான வரம்புகள்.

முழு ஃபிரேமும் ஷெல்லின் மேல் கீல்போலத் திரும்பிச் சாய்வதற்கான எளிய, கறாரான கணக்கு:

சாய்வுத் தகைவு = யங் குணகம் × ஃபிரேமின் பக்கவாட்டுத் திருப்புத்திறன் ÷ (ஃபிரேம் பரப்பு × ஆரம் × ஷெல்லிலிருந்து ஃபிரேம் மையத் தூரம்)

2,05,000 × 1,83,400 ÷ (1,240 × 1,000 × 61.8) = 490 மெகாபாஸ்கல். யீல்டைவிட அதிகம், சரி. ஃபிளேஞ்ச் அகலத்தை 60-லிருந்து 45-ஆகக் குறைத்தால் பக்கவாட்டுத் திருப்புத்திறன் அகலத்தின் மும்மடியில் விழும். கணக்கு யீல்டுக்குக் கீழே போய்விடும். வெப் ஷெல்லுக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்த்து வெல்டிங் ஆகியிருந்தால் சாய்வு அங்கேயே தொடங்கிவிட்டது என்று பொருள். மூலைமட்டத்தை வைத்து ஒவ்வொரு ஃபிரேமையும் குறைந்தது எட்டு இடத்தில் பார்க்கவும்.

படி 7: முனை மூடிகள்

அரைக்கோள மூடிக்கு நெளிவு அழுத்தம் 1.21 × யங் குணகம் × (தடிமன் ÷ ஆரம்)². சோயெல்லி 1915-இல் தந்தது. 14 மி.மீ.க்கு 48.6 மெகாபாஸ்கல் என்று வரும். அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. கோளம் வட்டப் பிழைக்கு உருளையைவிட மிகவும் நொய்மையானது. அதனால்தான் விதிகள் கோளத்துக்கு வேறு, இன்னும் தாழ்வான வளைகோட்டை வைத்திருக்கின்றன. அச்சில் அழுத்தி உருவாக்கும்போது தகடு மெலியும். வாங்கும் தடிமனை வைத்துக் கணக்குப் போடாமல், உருவான பின் அல்ட்ராசவுண்டில் அளந்த மிகக் குறைந்த தடிமனைப் போடுங்கள். நீள்வட்ட மூடியிலும், தட்டுபோல் லேசாகக் குவிந்த மூடியிலும் உச்சிப் பகுதியின் ஆரமே கணக்குக்கு.

மிக ஆழத்தில் கதை மாறுகிறது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டருக்காக உருவாக்கும் மத்ஸ்யா 6000-இல் ஆட்கள் அமரும் அறை 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கலவைக் கோளம், சுவர் 80 மி.மீ. அவ்வளவு தடித்த சுவரில் உலோகத்தின் வலிமையே முன்னால் வந்து நிற்கும். ஃபிரேம் வைத்த உருளை தன் முழுப் பயனைத் தருவது சில நூறு மீட்டர் ஆழங்களில்.

படி 8: கணினியில் சரிபார்ப்பது

கைக்கணக்கில் வந்த 10.3-ஐயும் 9.9-ஐயும் முதலில் நேர்கோட்டு ஐகன் பகுப்பாய்வில் (நெளியும் அழுத்தத்தையும் வடிவத்தையும் தரும் கணினிக் கணக்கில்) பிடிக்க வேண்டும். மொத்த பக்லிங் கொஞ்சம் கூடவே வரும், ஏனென்றால் 185 மி.மீ. பட்டை என்பது கறாரான அனுமானம். பெரிதாக விலகினால் மாதிரியில்தான் கோளாறு.

அரை அலை 286 மி.மீ. என்பதால் எலிமெண்ட் (மெஷின் ஒரு துண்டு) 30 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. ஃபிரேமின் வெப்பையும் ஃபிளேஞ்சையும் ஷெல் எலிமெண்டாகவே போடுங்கள். பீம் எலிமெண்டாகப் போட்டால் ஃபிரேம் சாய்வது தெரியாமலே போய்விடும். முனையில் மூடியின் மேல் விழும் அழுத்தத்தை அச்சுச் சுமையாகக் கொடுக்க மறக்காதீர்கள்.

அதிகம் ஏமாற்றுவது அழுத்தத்தின் திசை. நீரழுத்தம் உருமாறிய பரப்புக்கும் செங்குத்தாகவே இருக்கும். மென்பொருளில் அந்தத் தேர்வை இயக்காவிட்டால், ஃபிரேம் பங்கில் அலை எண்² − 1-க்குப் பதில் வெறும் அலை எண்² வந்துவிடும். அலை எண் 2-க்கு 3 இருக்க வேண்டிய இடத்தில் 4. மூன்றில் ஒரு பங்கு பொய்யான வலிமை.

பிறகு நேரற்ற பகுப்பாய்வு: எஃகின் உண்மையான தகைவு-திரிபு வளைகோடு, அலை எண் 2, 3 வடிவங்களில் 5 மி.மீ. பிழை, அதோடு ஃபிரேமுக்கு இடையே 11 அலை வடிவத்தில் ஒரு சிறு பிழை. ஆர்க்-லெங்த் முறையில் உச்சத்தைத் தாண்டிப் போக விடுங்கள். பிழைகளை ஒவ்வொன்றாகவும் சேர்த்தும் ஓட்ட வேண்டும். சேர்ந்து வரும்போது எப்போதும் மோசமாகும் என்று இல்லை.

படி 9: பட்டறையில்

தகட்டை உருட்டும்போது இரு விளிம்பும் நேராகவே நின்றுவிடும். உருட்டும் முன் விளிம்புகளை முன்வளைவு செய்யாவிட்டால் நீள்வெல்டிங்கை ஒட்டித் தட்டையான பட்டை ஒன்று நிரந்தரமாகத் தங்கும். இதைக் கண்டுபிடிக்க அரை அலையின் இரு மடங்கு, அதாவது 570 மி.மீ. நாண் உள்ள தகட்டு வார்ப்பு (சரியான வட்ட வளைவில் வெட்டிய அளவுத் தகடு) ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். அமெரிக்க அழுத்தக்கல விதியும் வில்நீளத்தின் இரு மடங்கு நாணில்தான் வார்ப்பைக் கேட்கிறது. சரியான வட்டத்தில் அதன் நடு உயரம் 570² ÷ 8,000 = 40.6 மி.மீ.

வெல்டிங்கின் மேல் வைத்து அளக்கும்போது நடு உயரம் 35 தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தின் ஆரம் 570² ÷ (8 × 35) = 1,160 மி.மீ. நெளிவு அழுத்தம் விட்டத்தின் 1.5 மடியில் குறைவதால் அந்தப் பட்டையில் 20 சதவீதம் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத ஐந்தரை மி.மீ. குழி செய்யும் வேலை இது. நீள்வெல்டிங்குகளை அடுத்தடுத்த உருளைத் துண்டுகளில் ஒரே கோட்டில் வராமல் மாற்றி வைப்பதன் காரணமும் இதுவே.

ஃபிரேம் வெல்டிங் இருபுறமும் தொடர்ச்சியாக இருக்கட்டும். விட்டுவிட்டுப் போடும் வெல்டிங்கில் நடுவே அரிப்பு உட்காரும், ஃபிரேம் சாய்வதைத் தடுக்கும் பிடிப்பும் குறையும். உள்ளே சிலந்தித் தாங்கியால் (நடுவிலிருந்து கால்கள் விரியும் தற்காலிகச் சட்டத்தால்) வட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி, சிறு நீளங்களாகப் பின்னோக்கி வெல்டிங் செய்து வாருங்கள். ஒரே பக்கத்திலிருந்து சுற்றி வந்தால் வெப்பம் வட்டத்தை இழுத்துவிடும். தாங்கியை எல்லா ஃபிரேமும் முடிந்து ஆறிய பிறகே எடுக்கவும்.

துளை போடும் இடத்தில் வெட்டிய உலோகத்துக்கு ஈடாகத் தடித்த செருகு வேண்டும். ஃபிரேமை வெட்டிக் குழாய் கொண்டு போகாதீர்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் அது மறுகணக்குக்கு உரிய மாற்றம். பட்டறையில் முடிவெடுக்கும் விஷயம் ஆகாது.

படி 10: வட்டத்தை அளப்பது

ஒவ்வொரு ஃபிரேமிலும், இரண்டு ஃபிரேமுக்கு நடுவிலும், சுற்றிலும் சம இடைவெளியில் குறைந்தது 24 புள்ளிகளில் ஆரத்தை அளக்க வேண்டும். அளக்கும் மையம் உண்மையான மையமாக இருக்காது. அதைக் கணக்கில் கழிக்கலாம்.

24 அளவுகளின் சராசரி, சராசரி ஆரம். ஒவ்வொரு அளவையும் அதன் கோணத்தின் கொசைனால் பெருக்கிக் கூட்டி 12-ஆல் வகுத்தால் மையம் ஒரு திசையில் நகர்ந்த அளவு கிடைக்கும். சைனால் செய்தால் மற்ற திசை. இரண்டையும் ஒவ்வொரு புள்ளியிலும் கழித்தால் மிஞ்சுவது உண்மையான வட்டப் பிழை. இதன் எந்தப் புள்ளியும் 5 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. அதே வேலையை இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு கோணங்களுக்குச் செய்தால் ஒவ்வொரு அலை எண்ணின் வீச்சும் தனித்தனியாக வரும்.

ஓர் எடுத்துக்காட்டு: 2-இல் 3 மி.மீ., 3-இல் 1.5, 4-இல் 0.8 என்று வந்தால், படி 5-இன் விகிதப்படி தகைவுகள் 61, 41, 20. எல்லாம் ஒரே இடத்தில் உச்சம் தொடும் என்று வைத்தாலும் 122. நேர்த் தகைவு 135-ஐச் சேர்த்தால் 257. இப்படி எழுதிய தாள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கலத்தின் கோப்பில் இருக்க வேண்டும். ஃபிரேமுக்கு இடையே வரும் 11 அலைப் பிழையை 24 புள்ளிகளால் நம்பகமாகப் பிடிக்க முடியாது. அதற்கு முந்தைய படியின் வார்ப்புதான்.

படி 11: அழுத்தச் சோதனை

தொட்டிக்குள் வைத்துச் சோதிக்கும்போது உருளையின் உள்ளேயும் நீரை நிரப்பி, ஒரு சிறு குழாய் வழியே வெளிக்காற்றுக்குத் திறந்து வையுங்கள். உள்ளே காற்று இருந்து உருளை நொறுங்கினால் வரும் அதிர்ச்சி அலை சோதனைத் தொட்டியையே உடைக்கும். நீர் இருந்தால் நொறுங்குவது மெதுவாகும். அந்தச் சிறு குழாயில் வெளியேறும் நீரின் அளவு உருளை எவ்வளவு சுருங்கியது என்பதையும் காட்டிவிடும். அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் வந்துகொண்டிருந்த நீர் திடீரென்று அதிகமானால் உடனே நிறுத்த வேண்டும்.

திரிபளவிகளை (உலோகம் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று காட்டும் ஒட்டுக் கருவிகளை) ஃபிரேமின் ஃபிளேஞ்சில் சுற்றிலும், அளந்த வட்டப் பிழை மிகப் பெரிதாக இருந்த இடைவெளியின் நடுவில் ஷெல்லின் உள்பக்கம் சுற்றிலும் ஒட்டுங்கள். ஏற்றி இறக்கி ஒருமுறை போன பிறகு எந்தத் திரிபு பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை என்று பாருங்கள். வெல்டிங் தகைவு தளர்வதால் முதல் முறை கொஞ்சம் மிச்சம் நிற்கலாம். இரண்டாம் முறையும் வளர்ந்தால் அங்கே யீல்டு நடக்கிறது.

வளைவுத் திரிபை அழுத்தத்தால் வகுத்து, அதைத் திரிபுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சரிவின் தலைகீழ்தான் பக்லிங் அழுத்தம். சவுத்வெல் வரைவு என்பது இதுவே. உருளையை உடைக்காமலே 9.9 எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆனால் பொருள் மீள்தன்மையில் இருக்கும்வரைதான் இது செல்லும்.

படி 12: பயன்பாட்டில்

நெளிவு அழுத்தம் தடிமனின் 2.5 மடியில் விழுகிறது. 14 மி.மீ. ஷெல் அரித்து 13 ஆனால் 10.3 இருந்தது 8.5 ஆகும், யீல்டு 4.55 ஆகும், தாங்குவது சுமார் 3.0-க்கு இறங்கும். தேவையான 3.02-க்கு மிச்சமே இல்லை. ஆகவே அரிப்புக்கு என்று தனியாக ஒரு மி.மீ.யாவது சேர்த்து வாங்க வேண்டும், அல்லது 13 மி.மீ. அளந்த அன்றே வேலை ஆழத்தைக் குறைத்து எழுத வேண்டும். அல்ட்ராசவுண்டில் தடிமன் பார்க்கும்போது ஃபிரேமின் அடியில், கீழ்ப்பாதியில், நீர் தேங்கும் இடங்களில் புள்ளிகளை நெருக்கமாக வையுங்கள். கப்பலோடு மோதியோ கிரேனில் இடித்தோ குழி விழுந்தால் அதே 570 மி.மீ. வார்ப்பை எடுத்து நடு உயரத்தை அளந்து, அந்த இடத்து ஆரத்தில் படி 3-ஐ மீண்டும் போட்ட பிறகே கலம் மறுபடியும் நீருக்குள் இறங்க வேண்டும்.